மான் காணாத நிறம்

மகள் வேட்டைக்குப் போகப்போகிறேன் என்று சொன்ன நேரம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கோயில் வேட்டைத் திருவிழாவைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் கோயில்களில் திருவிழா நாட்களில் ஒருநாள் சாமி வேட்டைக்குப் போவார். குதிரை வாகனத்தில் ஏறி வீதி சுற்றிவிட்டுத் திரும்பி வருவார். ஒருவருக்கும் ஒரு காயமும் வராது.

"இந்த முறை ஆரின்ரை உபயம்?" என்று கேட்டேன்.

"அம்மா, கோயில் இல்லை. மான். நான் மான் சுடப் போறன்."

கீரையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன். பகிடி விடுகிற முகம் இல்லை. என் மகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை செய்கிறாள். நாற்பது தாண்டிவிட்டது. கலியாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள், நானும் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் ஒரு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் தட்டில் இருக்கிறோம். அவளோடு வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வடக்கே காட்டுப் பக்கம் பிறந்தவள். அவளுடைய தகப்பன், பாட்டன் எல்லாரும் வேட்டைக்காரர். அவளோடு சேர்ந்து என் மகள் எனக்குச் சொல்லாமல் வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, துவக்கு வைத்திருக்க அனுமதியும் எடுத்துவிட்டாள்.

"துவக்கு எங்கை?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"அவளின்ரை வீட்டிலை. இரும்புப் பெட்டியிலை பூட்டிக் கிடக்கு."

"அது இந்த வீட்டு வாசல்படி ஏறக்கூடாது."

"ஏறாது. ஆனா உடுப்பு வேணும் அம்மா. சனிக்கிழமை வாங்கப் போறன். நீங்களும் வாங்கோ, உங்களுக்குத்தானே தையல் பார்க்கத் தெரியும்."

என்னை மடக்க அவளுக்குத் தெரியும். ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு குளிர்ச்சட்டை ஃபக்டரியில் நான் பல வருடம் நூல் வெட்டினேன். தைத்து வருகிற சட்டைகளில் தொங்குகிற நூலைச் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி, உள்ளுக்கும் வெளிக்கும் பார்த்து அடுத்த மேசைக்கு அனுப்புவது என் வேலை. பிறகு தையலை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டு அந்த இடத்தை மூடினார்கள். அன்றிலிருந்து கடைக்குப் போனால் எந்தச் சட்டையையும் உட்புறம் புரட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தமிழைக் கூட்டி வாசிப்பேன், மெல்ல மெல்ல எழுதுவேன். இங்கிலீசில் என் பெயரும் 'எக்சிற்' என்பதும் 'கனடா' என்பதும் பார்த்தவுடன் பிடிபடும். இந்த நாட்டில் இவ்வளவு காலம் சீவிக்க அது எனக்குப் போதுமாயிருந்தது.

சனிக்கிழமை வரைக்கும் எனக்குச் சாப்பாடு செமிக்கவில்லை.

கடை மில்லிக்கனையும் தாண்டி வடக்கே, ஒரு பெரிய களஞ்சியம் மாதிரி இருந்தது. உள்ளே காலடி வைத்ததும் சுவர் முழுக்க அந்தத் துணி. பச்சையும் மண்ணிறமும் கறுப்பும் திட்டுத் திட்டாக, இலையும் நிழலும் போட்ட துணி. சட்டை, கால்சட்டை, தொப்பி, கையுறை. குழந்தைப் பிள்ளைக்கும் ஒன்று தொங்கியது.

எங்களுக்கு அதற்கு ஒரு தமிழ்ச் சொல் இருந்தது: உருமறைப்பு. வானொலியில் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல். ஊரில் சண்டைக் காலத்தில் அந்தத் துணியை உடுத்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஒரு பக்கத்தார் எங்கள் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தார்கள். மற்றப் பக்கத்தாரிடம் எங்கள் பிள்ளைகள் போனார்கள். என் அக்காவின் மகள் பள்ளிக்கூடச் சைக்கிளைச் சந்தியில் சாத்திவிட்டு அந்தத் துணிக்குள் போனவள்தான். சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் நான் என் தாலிக்கொடியை விற்று, சின்னப் பிள்ளையாயிருந்த என் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கொழும்புக்கு வெளிக்கிட்டேன். அவள் அந்த உடுப்பைப் போடக்கூடாது, துவக்கைத் தொடக்கூடாது. நான் நாடு விட்டு நாடு வந்ததற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இப்போது அவள் அதிலே ஒன்றை எடுத்துத் தோளில் வைத்துக் கண்ணாடியில் பார்க்கிறாள்.

"அதை வை," என்றேன்.

"அம்மா, இது கமோ. மானுக்குத் தெரியாமல் இருக்கத்தான். வெறும் இலைதானே."

"எனக்குத் தெரியும் அது என்னெண்டு. வை எண்டால் வை."

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. கடைக்காரர் வந்தார். நரைத்த தாடி, பெரிய உடம்பு, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். என்னைப் பார்த்து ஏதோ மரியாதையாகக் கேட்டார்.

"அம்மாவுக்கு இருக்கக் கதிரை வேணுமோ எண்டு கேக்கிறார்," என்றாள் மகள்.

"வேண்டாம் எண்டு சொல்லு. இந்தத் துணி இல்லாமல் வேட்டைக்குப் போற மனுசர் இந்த நாட்டிலை இல்லையோ எண்டு கேள்."

அவள் எப்படிச் சொன்னாளோ தெரியாது, அந்த மனுசர் சிரித்தார். தன் தகப்பன் சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையோடுதான் கடைசிவரைக்கும் வேட்டையாடினவர் என்றார். அசையாமல் இருந்தால் எந்த நிறமும் சரிதான், அசைந்தால் எந்தப் புள்ளியும் காப்பாற்றாது என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்துக்கொண்டது.

"கனடாவிலை தைச்சது எடுத்துக் காட்டச் சொல்லு," என்றேன்.

"நானும் அதைத்தான் கேக்க வந்தனான். வேலையிலை எல்லாரும் இப்ப அப்பிடித்தான் வாங்கினம். இஞ்சை செய்தது எண்டால் ஜிப் உடைஞ்சாலும் திருப்பி அனுப்பலாம், தைச்சுத் தருவினம்."

அவளுக்கு அது ஒரு காரணம். எனக்கு வேறு. இந்த நாட்டுக் குளிரைத் தெரியாத ஒருவர் தைத்த சட்டையை நம்பி என் பிள்ளையை விடிவதற்கு முன்பே காட்டில் உட்கார விடுவதா? துவக்கைத் தடுக்க முடியாதவள் குளிரையாவது தடுக்கவேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

அவர் எடுத்து வந்த முதல் ஜக்கெற்றில் கழுத்துக்குள் தைத்திருந்த எழுத்துத் துண்டைப் புரட்டினேன். 'கனடா' என்று இருந்தது. எனக்குத் தெரிந்த எழுத்து, சின்ன மேப்பிள் இலையும் கூட. "இது சரி," என்றேன் பெருமையோடு.

மகள் எட்டிப் பார்த்தாள். "அம்மா, கனடாவிலை டிசைன் படம் கீறினது எண்டு போட்டிருக்கு. தைச்சது எங்கையோ. கீழை பொடி எழுத்திலை கிடக்கு."

"படம் கீறினவனோ குளிருக்கை இருக்கப் போறான்?"

கடைக்காரருக்கு அதையும் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டாள். அவர் மேசையில் தட்டிச் சிரித்துவிட்டு உள்ளே போய், இது இங்கேயே தைத்தது என்று இன்னொன்று கொண்டுவந்தார். புள்ளி இல்லை, இலை இல்லை. மழை பெய்து ஓய்ந்த நேரத்து மரப்பட்டை மாதிரி ஒரே நிறம். கனமாக இருந்தது. நான் புரட்டினேன். தையல் ஓடிய இடமெல்லாம் உள்ளே மெல்லிய நாடா ஒட்டி அடைத்திருந்தார்கள், ஊசித் துளையால் தண்ணீர் வராமல். தொங்குகிற நூல் ஒன்றும் இல்லை. யாரோ ஒருத்தி வடிவாக வெட்டியிருக்கிறாள்.

"இது உள்ளுக்கு ஒரு தோல் மாதிரி வைச்சிருக்காம் அம்மா. மழை உள்ளுக்கு வராது. ஆனா வேர்வை வெளியிலை போகும்."

"ஒரே துணியாலை வெளியிலை இருக்கிறது வராது, உள்ளை இருக்கிறது போகுமோ? ஆருக்குக் காது குத்திறாய்?"

"அதுதான் ரெக்னோலஜி."

"ரெக்னோலஜியும் வெங்காயமும்."

ஆனாலும் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். சூடு உடனே ஏறியது. பிறகு கடைக்காரர் ஒரு வேலை செய்தார். முதல் ஜக்கெற்றின் கையை என் காதருகே வைத்துத் தேய்த்தார். சரசரவென்று பொலித்தீன் பையைக் கசக்குவது போலச் சத்தம். பிறகு இதைத் தேய்த்தார். ஒன்றுமே கேட்கவில்லை. இன்னொரு முறை தேய்க்கச் சொன்னேன். அப்போதும் இல்லை. மானுக்குக் காது கூர்மை, உடுப்பு கதைக்கக்கூடாது என்றார். சத்தம் போடாத உடுப்போடு, மூச்சடக்கி, மரத்தோடு மரமாக. இதெல்லாம் நான் ஊரில் வேறு மாதிரிக் கேட்ட கதைகள். ஜக்கெற்றை மகளிடம் போட்டுப் பார்க்கக் கொடுத்தேன்.

கை நீளம் கொஞ்சம் கூடவாக இருந்தது. "மடிச்சுத் தைச்சுத் தரலாம்," என்றேன். தைத்தால் அந்தத் தோல் ஓட்டையாகிவிடும், ஊசி படவே கூடாது என்றார்கள். துவக்கைப் பிடிக்கும்போது நீளக் கை தட்டுப்பட்டு ஏதாவது நடந்தால் என்று யோசித்தேன். எங்கே தட்டுப்படும் என்று வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளே ஒரு அளவு சின்னதாகப் போட்டுப் பார்த்தாள், பெண்களுக்கென்று வெட்டியது ஒன்று சரியாக வந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போது அவர் இன்னும் இரண்டு சாமான் எடுத்துவந்து வைத்தார். ஒரு கையில்லாச் சட்டை, ஒரு தொப்பி. இரண்டும் செம்மஞ்சள். சும்மா செம்மஞ்சள் இல்லை, கண்ணைக் குத்துகிற, நெருப்புப் பிடித்த மாதிரியான நிறம்.

ஊரில் ஹெலிகொப்டர் வருகிற சத்தம் கேட்டால் கொடியில் காய்கிற வெள்ளைச் சீலையைத்தான் முதலில் ஓடிப்போய் இழுப்போம். பிள்ளைகளுக்குப் பளிச்சென்ற சட்டை போட்டு முற்றத்தில் விடமாட்டோம். கண்ணில் பட்டால் சூடு விழும். அதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே கணக்கு.

"இது என்னத்துக்கு? காட்டுக்குள்ளை நிண்டு, வா வந்து என்னைச் சுடு எண்டு கூப்பிடவோ?"

"அம்மா, இது சட்டம். கட்டாயம் போடவேணும்."

"அந்த மரப்பட்டைச் சட்டை மறைக்க. இது காட்ட. ரண்டையும் ஒண்டா ஆர் போடுறது? இவைக்கு விசரோ?"

மகள் கடைக்காரரிடம் திரும்பி நீளமாகக் கதைத்தாள். அவர் சிரிக்கவில்லை இந்த முறை. தொப்பியைக் கையில் எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லச் சொன்னார். அவள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள்.

"மானுக்கு இந்த நிறம் தெரியாதாம் அம்மா. அதின்ரை கண்ணுக்கு இது காய்ஞ்ச புல்லு மாதிரித்தானாம். மனுசருக்கு மட்டுந்தான் தெரியுமாம். துவக்கோடை நிக்கிற மற்ற மனுசருக்கு."

"துவக்கோடை நிக்கிற மனுசருக்குத் தெரிஞ்சால் சுடமாட்டினமோ?"

"தெரிஞ்சால்தான் சுடமாட்டினம்."

நான் அந்த மனுசரின் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. ஆனாலும் என் உடம்பு நம்பவில்லை. தலை ஓம் என்றது, வயிறு இல்லை என்றது. மூன்றையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

காரில் வரும்போது கேட்டேன். "உனக்கு ஏன் பிள்ளை இந்த வேலை? இறைச்சி வேணுமெண்டால் கடையிலை இல்லையோ?"

தெருவைப் பார்த்தபடியே சொன்னாள். "அங்கை சத்தமில்லை அம்மா. மரத்துக்குக் கீழை இருந்தால் ஒருத்தரும் என்னைக் கூப்பிடமாட்டினம்."

வீட்டில் அவளைக் கூப்பிடுகிற ஆள் நான் ஒருத்திதான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்தாள். ஜக்கெற்றும் செம்மஞ்சள் சாமான்களும் பல்கனிப் பக்கம் தொங்கின. புது உடுப்பு. புது உடுப்பென்றால் எங்கள் வீட்டில் சாமிக்கு முன்னால் வைத்து, ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைக்காமல் ஒருவரும் உடுத்ததில்லை. ஒரு கைக்குட்டைக்கும் அப்படித்தான். அவளை இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு முதல்நாள் அனுப்பியபோது போட்ட குளிர்ச்சட்டைக்கும் வைத்தேன். இதற்கு வைக்காமல் விட்டால் நான் எப்படி நித்திரை கொள்வது?

மஞ்சளைக் குழைத்து ஜக்கெற்றின் கழுத்துக்கு உள்ளே, 'கனடா' என்று எழுதிய துண்டுக்குப் பக்கத்தில் தொட்டு வைத்தேன். கையில்லாச் சட்டைக்கும் தொப்பிக்கும் வைத்தேன், அந்த நிறத்தில் அது தெரியவே இல்லை. வெள்ளிக்கிழமை என்றபடியால் சாம்பிராணி போட்டேன். சட்டியைக் கொண்டுபோய் ஜக்கெற்றுக்குக் கீழே வைத்து நன்றாகப் புகை ஏறவிட்டேன். கைகளுக்குள்ளும் பிடித்தேன். பொக்கெற்றுக்குள் கடதாசியில் மடித்த விபூதிச் சரை ஒன்றும் வைத்தேன். பயம் கொஞ்சம் இறங்கினது போல இருந்தது.

மகள் வேலையால் வந்து கதவைத் திறந்தவள் அங்கேயே நின்றாள்.

"அம்மா! என்ன செய்தனீங்கள்?"

"புது உடுப்புக்குச் செய்யிறதைத்தான் செய்தனான்."

"ஐயோ அம்மா! மானுக்கு மூக்குத்தான் எல்லாம். சவுக்காரம் கூட மணக்கக்கூடாது எண்டு நான் ஒரு மாதமாச் செண்ட் பூசாமல் திரியிறன். நீங்கள் முழுக் கோயிலையும் ஏத்தி வைச்சிருக்கிறியள்!"

அழுவாளா சிரிப்பாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கட்டடத்துச் சலவை மெஷினில் போட முடியாது, அதற்குள் எல்லாருடைய வாசனைத் தூளும் ஊறிக் கிடக்கிறது. குளியல் தொட்டியில் போட்டு, மணமில்லாத சவுக்காரத்தால் முழங்காலில் நின்று கழுவினாள். முறுக்கிப் பிழியவும் கூடாதாம். நானும் பக்கத்தில் முழங்காலில் நின்றேன். "விடுங்கோ அம்மா, உங்கடை முழங்கால்," என்றாள். நான் விடவில்லை. புகை மணம் போகப் போக எனக்குத்தான் பயம் திரும்பி ஏறியது. மஞ்சள் மட்டும் கழுத்துக்குள் போகவில்லை. அதைத் தேய்க்கப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை அப்படியே விட்டாள்.

பிறகு அது நாட்கணக்காகப் பல்கனிக் காற்றில் தொங்கியது. நான் தாளிக்கிற நேரமெல்லாம் கதவை இறுக்கிச் சாத்தச் சொன்னாள். என் வீட்டில் நான் வெங்காயம் வதக்க ஒரு மானுக்குப் பயப்பட வேண்டியதாய்ப் போயிற்று.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை சிநேகிதியின் காரில் போனாள். ஞாயிறு பின்னேரம் வருவேன், அங்கே போன் எடுபடாது, பயப்படாதேயுங்கோ என்றாள். பயப்படாதே என்றால் பயம் கேட்குமா? கீழே கார் நிறுத்துமிடத்தில் தீபாவளிக்கு மிஞ்சிய வெடிகளைப் பிள்ளைகள் கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் நான் கதிரையை விட்டு எழும்பினேன். வெடி என்ற சொல் எங்களுக்குப் பட்டாசுக்கும் அதுதான், துவக்குக்கும் அதுதான். தொலைக்காட்சியைப் போட்டேன், நிறுத்தினேன். எனக்குச் சமைக்கவில்லை. சாமிப்படத்துக்கு முன்னால் நின்று, மானையும் காப்பாற்று, இவளையும் காப்பாற்று, இரண்டில் ஒன்றுதான் என்றால் இவளை என்று கேட்டேன்.

ஞாயிறு மத்தியானத்திலிருந்து பல்கனியில் நின்றேன். குளிர் எலும்புக்குள் போனது. எத்தனையோ கார் வந்தது, எல்லாம் மேலிருந்து பார்க்க ஒரே மாதிரி. ஆட்கள் எல்லாரும் கறுப்புக் குளிர்ச்சட்டையோடு இறங்கினார்கள், யார் என்று சொல்ல முடியவில்லை. வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரம் ஒரு காரிலிருந்து செம்மஞ்சளாக ஒன்று இறங்கியது. தலையில் தொப்பியைக் கழற்றாமலே வந்திருக்கிறாள். ஒன்பதாம் தட்டிலிருந்து, என் பழுதாய்ப்போன கண்ணுக்கு, அந்த மங்கலில் வேறு ஒன்றும் தெரியவில்லை. அது மட்டும் தெரிந்தது. கடைக்காரர் சொன்னதை என் வயிறு அப்போதுதான் நம்பியது.

மேலே வந்தவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள்.

"மான் வந்தது அம்மா. இந்தா, எங்கடை லிஃப்ற் இருக்கிற தூரத்திலை நிண்டது. நான் மூச்சும் விடேல்லை. அது என்னை நேராப் பார்த்தது, பார்த்தும் தெரியேல்லை. பிறகு காத்து மாறிச்சுது. மூக்கை மேலை தூக்கிச்சுது, தும்மின மாதிரி ஒரு சத்தம். ஒரே பாய்ச்சல்."

"சாம்பிராணியோ?"

"மிச்சம் இருந்திருக்கும். பொக்கெற்றுக்கை விபூதிச் சரையும் கிடந்தது, ஈரத்திலை குழைஞ்சுபோய். என்ரை சிநேகிதி வழி முழுக்கச் சிரிச்சுக்கொண்டு வந்தவள். உன்ரை அம்மா அந்த மானைக் காப்பாத்திப் போட்டா எண்டு."

நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே கேட்டேன்: "துவக்கைத் தூக்கினனியோ?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "தூக்கினனான்."

"கை நடுங்கினதோ?"

"இல்லை அம்மா."

நடுங்கினது என்று சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும். தேத்தண்ணி போட உள்ளே போனேன். சீனி போட்டேனா என்று தெரியாமல் இன்னொரு முறை போட்டேன். அவள் அதை முழுக்கக் குடித்தாள்.

"வாற வருசமும் போவன்," என்றாள் கடைசியில். "மஞ்சள் வையுங்கோ. அது பரவாயில்லை. புகை மட்டும் வேண்டாம்."

சரி என்று சொன்னேன். ஜக்கெற்றைக் குளிர்காலத்துக்கு உறை போட்டு அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். தொப்பியையும் வைக்கப் போனாள், நான் கொடுக்கவில்லை. கதவுக்குப் பக்கத்து ஆணியில், என் கதிரையிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் இது என்ன என்று கேட்கிறார்கள். மகளின் தொப்பி என்கிறேன். அது அங்கே தொங்குகிற நாட்களில் அவள் காட்டில் இல்லை.